பிஎச்.டி.யை விட்டுவிடலாமா? பெங்களூருவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

எழுதுவது யார், யாருக்காக?

நான் பெங்களூருவில் உயிரியலில் பிஎச்.டி. சேர்ந்து நான்காம் ஆண்டில் விலகியவள். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். விலகிய பிறகும் இங்கேயே இருக்கிறேன். அதனால் தெரிந்தவர்களின் தம்பி, தோழியின் ஜூனியர் என்று மாதத்துக்கு ஒருவராவது அல்சூர் ஏரிப் பக்கம் வந்து உட்கார்ந்து, "அக்கா, விட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விடு என்றோ விடாதே என்றோ நான் யாருக்கும் சொல்வதில்லை. முடிவெடுக்கும் நிலைக்கு உடம்பும் மனசும் வந்த பிறகு முடிவெடுங்கள் என்று மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். நான் முதலில் அப்படிச் செய்யவில்லை. அதற்கு ஒரு வருடம் கொடுத்தேன்.

சில நாள் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. அதையும் இங்கே கேட்கலாமா?

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். படிப்பைப் பற்றி இன்றைக்கு எந்த முடிவும் வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் எமர்ஜென்சி 24 மணி நேரமும் திறந்திருக்கும். தனியாகப் போகாதீர்கள். பக்கத்து ரூம்காரரை எழுப்புங்கள், மணி மூன்றாக இருந்தாலும் சரி. இப்படி எழுப்பியதற்காகக் கோபப்பட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மற்றவர்கள் எல்லாம் தாங்குகிறார்களே. எனக்குத்தான் திராணி இல்லையோ?

2018-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. 26 நாடுகளில் முதுநிலை, பிஎச்.டி. படிக்கும் 2,279 பேரிடம் கேட்டதில் 39 சதவீதம் பேர் நடுத்தர அளவிலோ கடுமையாகவோ மனச்சோர்வு இருப்பவர்களின் மதிப்பெண்ணைப் பெற்றிருந்தார்கள். பொதுமக்களிடம் அது 6 சதவீதம். அழைப்பைப் பார்த்து விரும்பிப் பதில் தந்தவர்களின் கணக்கு என்பதால் அப்படியே எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் முந்தைய ஆண்டு வெளியான, பெல்ஜியத்தில் 3,659 பிஎச்.டி. மாணவர்களிடம் நடந்த ஆய்வும் மூன்றில் ஒருவருக்கு மனநலக் கோளாறு வரும் அபாயம் இருக்கிறது என்றே சொன்னது.

இனி மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசும் சீனியரை நினைத்துப் பாருங்கள். என் லேபில் எல்லாரையும்விடத் தெம்பாகத் தெரிந்தவர், நான் விலகிய அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தான் இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னார். அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்லாதவள்தான்.

இது வெறும் அலுப்பா, வேலைச் சோர்வா, நோயா?

மூன்றும் வேறு வேறு. பரிகாரமும் வேறு.

அலுப்பு நாலு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். வேலைச் சோர்வை, அதாவது பர்ன்அவுட்டை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலில் விளக்கியபோது, அது நோய் அல்ல, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்று தெளிவாகச் சொன்னது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையின் மேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற உணர்வு. மனச்சோர்வு நோய் வேலையோடு நிற்காது. பிடித்த பாட்டு பிடிக்காது, பசிக்காது அல்லது அளவுக்கு மீறிப் பசிக்கும், தூக்கம் கெடும், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் நாள் முழுக்கக் கூடவே வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இது தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நான் கவனித்த ஒரு விஷயம். இது மருத்துவ அளவுகோல் இல்லை, கைக்கணக்குதான். ஊருக்குப் பத்து நாள் போகும்போது, பஸ் ஓசூர் தாண்டியதுமே மனசு லேசாகி, திரும்பி வரும்போது அதே இடத்தில் கனத்தால், பாரம் பெரும்பாலும் வேலையிலோ லேபிலோ இருக்கிறது. அம்மா கையால் சாப்பிட்டு, மொட்டை மாடியில் படுத்தும் லேசாகவில்லை என்றால், முதலில் டாக்டர், அப்புறம்தான் பிஎச்.டி. பேச்சு. எனக்கு இரண்டாவதுதான் நடந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் சைலண்டில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை நான் சோம்பேறித்தனம் என்றே நம்பினேன்.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை மூன்றும் இதே மாதிரி ஆளைப் படுக்கவைக்கும்.

மனநல டாக்டரிடம் போனால் கைடுக்கு (ஆராய்ச்சி வழிகாட்டிக்கு) தெரிந்துவிடுமா?

நீங்கள் சொன்னால் ஒழியத் தெரியக்கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கும் பொறுப்பைச் சிகிச்சை தருபவரிடம் வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில் மட்டும் விலக்கு உண்டு. கேம்பஸ் கவுன்சிலரிடம் போகத் தயக்கமாக இருந்தால் வெளியே போங்கள். நிம்ஹான்ஸ் ஓ.பி.யில் செலவு குறைவு, கூட்டம் அதிகம், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பவர்களும் அந்த வரிசையில் இருப்பார்கள். தமிழ் பேசத் தயங்க வேண்டியதில்லை.

சரி, விடுவதா தொடர்வதா, எப்படித்தான் முடிவெடுப்பது?

மூன்று கேள்விகளை ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என் உடம்பும் மனசும் சரியாக இருக்கின்றனவா என்பது ஒன்று. கைடு, லேப், பணம், ஹாஸ்டல் என்று நான் இருக்கும் இடம் சரியாக இருக்கிறதா என்பது இன்னொன்று. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து அழுத்தும்போது எது வலிக்கிறது என்றே தெரியாது. இந்த வரிசையிலேயே பிரித்துப் பாருங்கள்.

முதலாவதைச் சரிசெய்யாமல் மூன்றாவதுக்குப் பதில் தேடக் கூடாது. மனச்சோர்வில் இருப்பவருக்கு எந்த வேலையும் பிடிக்காது. பிரியாணியே பிடிக்காதபோது ஆராய்ச்சி பிடிக்கவில்லை என்பதை எப்படி நம்புவது? மாத்திரை எழுதித் தந்தாலும் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை முடிவை ஒத்திப்போடுங்கள். அதேபோல பேப்பர் திரும்பி வந்த வாரம், காம்ப்ரிஹென்சிவ் தேர்வில் (பிஎச்.டி.யைத் தொடரத் தேற வேண்டிய தேர்வில்) தவறிய வாரம், கைடு எல்லார் முன்னாலும் கத்திய மறுநாள் ஆகிய நாட்களில் ராஜினாமா மெயில் எழுதாதீர்கள். எழுதினாலும் அனுப்பாதீர்கள்.

தூக்கம் திரும்பிய பிறகு உங்களிடமே கேளுங்கள்: நாளைக்கே நல்ல கைடும் நல்ல லேபும் கிடைத்தால் இதே ஆராய்ச்சியைச் செய்வேனா? தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இந்தக் கேள்விக்கு ஒரு நொடிகூட யோசிக்காமல் "செய்வேன்கா" என்றான். விலகல் கடிதத்தோடு வந்தவன் அவன். சிகிச்சை எடுத்து, லேப் மாறி, ஆறாவது வருடத்தில் தீசிஸ் கொடுத்தான். நான் அதே கேள்வியைக் கேட்டபோது எனக்குள் வந்த பதில் 'இல்லை'. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, மூன்று மாதம் கழித்தும் அதே 'இல்லை'. பழ ஈக்களின் மூளையை வெட்டிப் படமெடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்து ஒரு வாழ்க்கை முழுக்க மானியத்துக்கும் பேப்பருக்கும் அலைவது பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் விலகுவது சரி என்று தெரிந்தது.

என் கைடுதான் பிரச்சினை. மாற்ற முடியுமா?

முடியும். சுலபமில்லை. ஆராய்ச்சி ஆலோசனைக் குழு என்று ஒன்று உங்களுக்காகவே இருக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன் நிற்கும்போது எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு வராதீர்கள். குழுவில் ஒருவரையாவது தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். அப்புறம் துறைத் தலைவர், அதற்கும் மேலே டீன். பேசியதை அன்றே மெயிலில் சுருக்கமாக எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்வார்த்தை ஆறு மாதத்தில் காணாமல் போகும். மாறினால் தலைப்பும் மாறலாம், ஒரு வருடம் கூடலாம். முதல் இரண்டு வருடத்துக்குள் என்றால் தயங்காமல் மாறுங்கள் என்பேன்.

சாதியைச் சொல்லியோ, கோட்டாவில் வந்தவன் என்றோ யாராவது பேசினால் அது உங்கள் 'ஸ்ட்ரெஸ்' இல்லை, அவர்கள் செய்யும் குற்றம். எஸ்.சி./எஸ்.டி. செல்லுக்கு எழுத்தில் கொடுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி உள்ள உட்குழுவிடம், கடைசிச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இப்படிப்பட்ட இடத்தை விட்டு வெளியேற முடிவெடுத்தாலும் புகாரைக் கொடுத்துவிட்டு வெளியேற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் உயிர் முதலில்.

நடுவில் லீவு எடுக்கலாமா?

எடுக்கலாம். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். பெரும்பாலான இடங்களில் மருத்துவச் சான்றிதழோடு ஒரு செமஸ்டர் தற்காலிகமாக விலகி இருக்க வழி உண்டு. விலகல் கடிதம் கொடுத்தால் திரும்ப வர முடியாது, லீவு எடுத்தால் வரலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே முதலில் லீவைக் கேளுங்கள். ஸ்டைபெண்ட் நிற்குமா, ஹாஸ்டல் அறை இருக்குமா, அந்த மாதங்கள் காலக்கெடுவில் சேருமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு. பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்குத் தனி விதி உண்டு, உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

நான் லீவு எடுக்காததற்குக் காரணம் என் ஈக்கள். பழ ஈ வரிசைகளை, அதாவது தனித்தனியாக வளர்க்கும் ஈ வம்சங்களை, சில வாரத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றாவிட்டால் செத்துவிடும். நான் போனால் யார் மாற்றுவார்கள் என்று ஒரு வருடம் ஓட்டினேன். கடைசியில் ஒரு ஜூனியரிடம் கேட்டபோது, "இதுக்கா அக்கா இவ்ளோ நாள் தயங்கினீங்க?" என்று வாங்கிக்கொண்டாள்.

நான்கு வருடம் போட்டதெல்லாம் வீண்தானே?

போன வருடங்கள் நீங்கள் இருந்தாலும் திரும்பி வராது, விலகினாலும் திரும்பி வராது. இனி போகப்போகும் வருடங்கள் மட்டும்தான் கணக்கில் இருக்கின்றன. ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் தரும் ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க ஆறு மாதம்தான் பாக்கி, உடம்பு தாங்கும் நிலையில் இருக்கிறது என்றால், முடித்துவிட்டு அப்புறம் ஆராய்ச்சியைத் தலைமுழுகுங்கள். முதுநிலையும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் இருப்பவர்கள் முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வர வழி இருக்கிறதா என்று அகாடமிக் செக்‌ஷனில் கேட்காமல் விலகவே கூடாது.

பணம்?

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்குபவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆக உயர்ந்தால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இதில் வீட்டுக்கும் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) உதவித்தொகை இல்லாத பிஎச்.டி. மாணவர்களுக்கு 8,000தான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தில் பெங்களூருவில் இருப்பதே ஒரு மன அழுத்தம்.

விலகும் முன் ஃபெலோஷிப் ஆணைக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள், திருப்பித் தரும் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று. கல்விக் கடன் இருந்தால் வங்கியில் நேரில் பேசுங்கள். வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கேட்க மாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் அந்தக் கணக்கு மாறும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் அந்த அறிவிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

நாலு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு விலகுங்கள். ஹாஸ்டலை விட்டு வெளியே வந்தால் வீட்டு அட்வான்ஸே பல மாத வாடகை கேட்பார்கள். முதலில் பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்குவது நல்லது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

எல்லாக் கேள்வியிலும் இதற்குத்தான் குரல் உடைகிறது. 'எங்க தெருவில் முதல் டாக்டர் பட்டம் நான்தான்' என்று சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகள் இவர்கள். ஊர்த் திருவிழா பேனரில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று இப்போதே போட்டுவிட்டார்கள் என்று ஒருத்தி அழுதாள்.

போனில் சொல்லாதீர்கள். நேரில் போங்கள், போன அன்றே சொல்லாதீர்கள். முதலில் உடம்பு சரியில்லாததைச் சொல்லுங்கள், டாக்டரைப் பார்த்ததைச் சொல்லுங்கள். படிப்பைப் பற்றி மறுநாள் பேசலாம். அத்தையோ சித்தப்பாவோ, அப்பா மதிக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏழரைச் சனி என்பார்கள், ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதைத் தடுக்காதீர்கள். பயந்துபோனவர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். சிகிச்சை மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். நான் சொல்லி முடித்ததும் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "கடைக்கு வர்றவங்க கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. என் உயிரைவிட கடைக்கு வருகிறவர்கள் பெரிதா என்று. ஆனால் நாள் முழுக்க அந்த மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கப்போவது அவர்தான். "பெங்களூருல வேலைக்குப் போயிட்டான்னு சொல்லுங்கப்பா" என்றேன். அடுத்த பல மாதம் அதையே சொல்லிச் சமாளித்தார். பெற்றோருக்கு வெளியில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அதை நீங்களே யோசித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. படிப்பை நிறுத்தினேன் என்றதும் மாப்பிள்ளைப் பேச்சு வரும். ஒரு வேலையோ, குறைந்தபட்சம் தங்க ஒரு இடமோ உறுதியான பிறகு சொல்வது பாதுகாப்பு.

நான் அம்மா. பிள்ளை விடப்போகிறேன் என்கிறான். என்ன செய்யட்டும்?

அடுத்த பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி வாருங்கள், அம்மா. அறிவுரை எதுவும் கொண்டுவர வேண்டாம். இரண்டு மூன்று நாள் கூட இருந்து, சரியாகத் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று பாருங்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தோமே" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தான்.

விட்டவர்களுக்கு வேலை கிடைக்குமா?

கிடைக்கும், உடனே இல்லை. எனக்கு ஐந்து மாதம் ஆனது. ரெஸ்யூமேயில் அந்த வருடங்களை மறைக்காதீர்கள். 'ஆராய்ச்சி மாணவர்' என்று வருடத்தோடு போட்டு, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கோடு எழுதியது, தரவைப் புள்ளியியல் முறையில் அலசியது, கருவியைப் பழுது பார்த்தது, ஜூனியருக்குக் கற்றுக்கொடுத்தது எல்லாமே வேலைதான். ஏன் விட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். "ஆராய்ச்சித் துறையில் தொடர விரும்பவில்லை, இந்த வேலையில் விருப்பம் இருக்கிறது" என்றால் போதும். மருத்துவ விவரம் சொல்ல வேண்டியதில்லை.

நான் முதுநிலை மருத்துவம் (மெடிக்கல் பி.ஜி.) படிக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

உடம்பு, மனசு பற்றியவை பொருந்தும். பணம் பொருந்தாது. சீட்டை நடுவில் விட்டால், சேரும்போது எழுதித் தந்த ஒப்பந்தப்படி (பாண்ட்) கட்ட வேண்டிய தொகை லட்சக்கணக்கில் வரலாம். 2024 ஜனவரியில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த பாண்டைக் கைவிடும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது, ஆனால் உங்கள் மாநிலத்தில் இன்றைய நிலை என்ன என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்களுக்கு வருத்தம் இல்லையா அக்கா?

சில நாள் உண்டு. ஈக்களுக்கு மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்து உணவு காய்ச்சுவோம். ஏதாவது பேக்கரி வாசலில் அந்த வாசனை வந்தால் கால் நின்றுவிடும். கூடச் சேர்ந்தவர்களின் பட்டமளிப்புப் படங்கள் வந்த வாரம் நான் போனையே எடுக்கவில்லை.

என் ஈ வரிசைகளை வாங்கிக்கொண்ட ஜூனியர் அவற்றை இன்னும் வைத்திருக்கிறாள். போன மாதம் அதில் ஒன்றை வைத்து எடுத்த மூளைப் படம் ஒன்றை அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நான் எடுத்த எந்தப் படத்தையும்விடத் தெளிவாக வந்திருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.